குரல் எப்படிப் பிறக்கிறது: குழாயும் ரப்பரும் சிலிக்கோனும் வைத்துப் பார்ப்பது எப்படி

ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 6 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, முதல் குமிழி வரும்வரை மெதுவாக ஊதிப் பாருங்கள். குமிழி கிளம்பும் நேரத்தில் உங்கள் நெஞ்சு கொடுக்கிற அழுத்தம் 6 செ.மீ. நீர், அதாவது ஏறக்குறைய 600 பாஸ்கல். சாதாரணமாகப் பேசும்போது குரல்வளைக்குக் கீழே இருப்பதும் இதே அளவுதான், 5 முதல் 10 செ.மீ.க்குள். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆமாம், இவ்வளவுதான். நீங்கள் செய்யப்போகும் மாதிரி வேலை செய்கிறதா என்று கேட்டால், அதன் சத்தத்தைவிட இந்த எண்தான் நேர்மையான பதில் சொல்லும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குரல் மாதிரி செய்ய உட்காருகிற எல்லோருக்கும் முதல் ஆசை, அது மனிதக் குரல் போலவே ஒலிக்க வேண்டும் என்பது. எனக்கும் அப்படித்தான். ஆனால் குரல் போல ஒலிப்பது ஒன்றையும் நிரூபிப்பதில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசும் பொம்மைகூட குரல் போலத்தான் ஒலிக்கும். மாதிரி என்பது தொண்டையின் நகல் இல்லை. ஒரே ஒரு கேள்வியை எடுத்து, அந்தக் கேள்விக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வேண்டுமென்றே விட்டுவிடுவது. அதனால் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் கேள்வியைத் தாளில் எழுதுங்கள். "ஆ-வும் ஈ-யும் ஏன் வேறு வேறாகக் கேட்கின்றன?" என்பது குழாய்க் கேள்வி, அதற்குச் சிலிக்கோன் வேண்டாம். "காற்று சீராக வரும்போது குரல்வளையில் இருக்கும் குரல் நாண்கள் ஏன் தானாக அதிர்கின்றன?" என்பது ரப்பர், சிலிக்கோன் கேள்வி, அதற்கு வாய் வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் ஒரே கருவியில் பார்க்க நினைத்தால் இரண்டுமே தெரியாது.

முதலில் குழாய்

குரல்வளையிலிருந்து உதடுவரை வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 செ.மீ. நீளம். இந்தப் பாதை ஒரு பக்கம் (குரல்வளைப் பக்கம்) ஏறக்குறைய மூடியும், மறுபக்கம் திறந்தும் இருக்கிற குழாய் மாதிரி நடந்துகொள்கிறது. அப்படிப்பட்ட குழாயின் முதல் ஒத்ததிர்வு கால் அலைக் கணக்கில் வரும், அதாவது குழாயின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு: ஒலிவேகமான நொடிக்கு 343 மீட்டரை 4 × 0.17-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸ், அடுத்தது 1500, அதற்கடுத்தது 2500. இவற்றைத்தான் ஃபார்மண்ட் என்கிறோம்.

சோதிப்பது சுலபம். 3 செ.மீ. உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயை 17 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை உள்ளங்கையால் பட்டென்று அடித்து அப்படியே மூடிவையுங்கள். "டொப்" என்று வருகிற ஒலியை போனில் பதிவுசெய்து ஸ்பெக்ட்ரம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்ற வரைபடம்) பார்த்தால் 500-க்குக் கொஞ்சம் கீழே, 475 பக்கத்தில் மேடு தெரியும். கணக்கு தப்பவில்லை. திறந்த முனையில் குழாய் தன் நீளத்தைவிடச் சற்று நீண்டதுபோல் நடந்துகொள்ளும். ஆரத்தில் ஏறக்குறைய 0.6 பங்கைக் கூட்டிக்கொண்டு மறுபடி கணக்குப் போடுங்கள், சரியாக வரும்.

அடுத்து உயிரெழுத்து. இரண்டு குழாய்களை ஒட்டினாலே போதும். ஆ-வுக்குப் பின்பக்கம் 9 செ.மீ. நீளத்தில் 1 ச.செ.மீ. பரப்புள்ள ஒல்லிக் குழாய், முன்பக்கம் 8 செ.மீ. நீளத்தில் 7 ச.செ.மீ. பரப்புள்ள அகலக் குழாய். ஈ-க்கு ஏறக்குறைய இதையே திருப்பிப் போடவேண்டும்: பின்னால் 9 செ.மீ. நீளம் 8 ச.செ.மீ., முன்னால் 6 செ.மீ. நீளம் 1 ச.செ.மீ. விட்டத்தில் சொன்னால் ஒல்லியானது 11 மி.மீ., அகலமானது 30 முதல் 32 மி.மீ. ஆ சொல்லும்போது நாக்கு பின்னால் ஒதுங்கித் தொண்டையை நெருக்குவதையும், ஈ சொல்லும்போது முன்னால் ஏறி அண்ணத்தை ஒட்டுவதையும் உங்கள் வாயிலேயே உணரலாம். குழாய் அதைத்தான் முரட்டுத்தனமாகச் சொல்கிறது.

ஒலிமூலத்துக்குப் போன் ஸ்பீக்கரே போதும். 100 ஹெர்ட்ஸ் ரம்ப அலையை (ரம்பப் பல் வடிவ அலை) ஓடவிட்டு, ஒரு புனல் வழியாகக் குழாயின் பின்முனைக்குக் கொடுங்கள். இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். புனலை அப்படியே அகலமாகச் சொருகினால் பின்முனை திறந்த முனையாகிவிடும், 17 செ.மீ. நேர்க்குழாயின் ஒத்ததிர்வுகள் 500, 1500 என்றில்லாமல் 1000, 2000 என்று தாவிவிடும், உயிரெழுத்து காணாமல் போகும். நடுவில் 5 மி.மீ. துளை போட்ட கெட்டியான வட்டுத் தகட்டால் பின்முனையை அடைத்து, அந்தத் துளை வழியாக மட்டும் ஒலியை விடுங்கள். துளையைச் சுற்றிக் களிமண் பூசுங்கள். அந்த நிமிடமே வெறும் "ங்ங்ங்" சத்தம் "ஆ"வாக மாறும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு அந்தக் கணம் அலுப்பதில்லை.

அளப்பதற்குப் பிராட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் புர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் எழுதியது. மனித ஆ-வில் முதல் ஃபார்மண்ட் 700 சொச்சம், இரண்டாவது 1100 பக்கம். ஈ-யில் முதலாவது 300-க்குக் கீழே, இரண்டாவது 2200-க்கு மேலே. ஈ குழாயின் முதல் ஃபார்மண்டைக் கால் அலைக் கணக்கில் தேடாதீர்கள், கிடைக்காது. அங்கே பின்குழாய் ஒரு பாட்டில் வயிறு, முன்குழாய் அதன் கழுத்து. பாட்டில் வாயில் ஊதினால் வருமே, அந்த ஒத்ததிர்வு. 72 க.செ.மீ. வயிறு, 6 செ.மீ. கழுத்து, 1 ச.செ.மீ. வாய் என்று போட்டால் 260 ஹெர்ட்ஸ் வரும்.

ஒலிமூலத்தின் சுருதியை 300, 400 என்று ஏற்றிவிட்டு ஃபார்மண்ட் அளக்க வேண்டாம். மேல்சுரங்கள் (சுருதியின் இரண்டு, மூன்று மடங்கில் வரும் ஒலிகள்) 400 ஹெர்ட்ஸுக்கு ஒன்றாக நின்றால் நடுவில் இருக்கும் மேடு எப்படித் தெரியும்? தாழ்ந்த சுருதி வையுங்கள், அல்லது வெறும் இரைச்சலை ஓடவிடுங்கள்.

இந்த வழி புதிதில்லை. 1791-இல் வொல்ஃப்காங் வான் கெம்பெலன் துருத்தியும் நாக்குத்தகடும் வைத்துச் செய்த பேசும் இயந்திரத்தைப் பற்றிப் புத்தகமே போட்டார். 1940-களின் தொடக்கத்தில் ஜப்பானில் சிபாவும் கஜியாமாவும் வாய்ப்பாதையின் வடிவத்தை அளந்து, அதன்படி மாதிரிகள் செய்து உயிரெழுத்துகளை எழுப்பிப் பார்த்தார்கள். டோக்கியோவின் சோஃபியா பல்கலைக்கழகத்தில் தகாயுகி அராய் அதே யோசனையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்: வெவ்வேறு அளவில் துளையிட்ட 10 மி.மீ. தகடுகளை அடுக்கினால் ஓர் உயிரெழுத்து, வரிசையை மாற்றி அடுக்கினால் வேறொன்று. இரண்டு குழாயில் திருப்தி வரவில்லையென்றால் அடுத்து இதைச் செய்யலாம், அட்டைகளை வெட்டி அடுக்கினாலும் நடக்கும். 2020-இல் எகிப்திய மம்மி ஒன்றை ஸ்கேன் எடுத்து, அதன் வாய்ப்பாதையை த்ரீடி பிரிண்டரில் அச்சிட்டு ஒலிக்கவைத்தார்களே, அதுவும் அடிப்படையில் குழாய் மாதிரிதான். வந்தது ஒரே ஓர் உயிரொலி. செய்தித் தலைப்புகள் அவர் பேசியே விட்டதாக எழுதின.

பிறகு ரப்பர்

நாண் என்று பெயர் வைத்துவிட்டதால் வருகிற குழப்பம் கொஞ்சமில்லை. 1741-இல் ஃபெரைன் என்ற பிரெஞ்சு மருத்துவர் தந்திக் கருவியை மனத்தில் வைத்துக் கொடுத்த பெயர் அது. உண்மையில் அவை தந்தி இல்லை, சதை மடிப்பு. அதனால்தான் மாதிரியும் நூலால் இல்லாமல் மடிப்பால் செய்கிறோம்.

பலூன் ரப்பர் முறை பத்து நிமிட வேலை. 2 செ.மீ. விட்டக் குழாயின் முனையைக் கூரை போல இருபக்கமும் சரிவாக வெட்டி, ஒவ்வொரு சரிவின் மேலும் ஒரு பலூன் துண்டை இழுத்துக் கட்டுங்கள். இரண்டு விளிம்பும் கூரை முகட்டில் மயிரிழை இடைவெளியில் சந்திக்கவேண்டும். கீழிருந்து ஊதுங்கள். இடைவெளி அதிகமானால் வெறும் "ஸ்ஸ்", ஒட்டிக்கிடந்தால் ஒன்றுமே வராது, நடுவில் ஓரிடத்தில் சட்டென்று சத்தம் பிடிக்கும். ரப்பரை விளிம்பு வாக்கில் நீளமாக இழுத்தால் சுருதி ஏறும். தொண்டையிலும் சுருதி ஏற்றுவது முக்கியமாக இப்படி இழுப்பதால்தான். இதற்கு மேல் இந்த மாதிரியிடம் எதையும் கேட்காதீர்கள், அதற்குத் தடிமன் கிடையாது.

தடிமன் ஏன் முக்கியம் என்றால், நாண்கள் தானாக அதிர்வதன் ரகசியமே அதில்தான் இருக்கிறது. வேகமாகப் போகும் காற்று அழுத்தத்தைக் குறைத்து நாண்களை உள்ளே இழுக்கிறது என்கிற பெர்னூலி விளக்கத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அது பாதிதான். திறக்கும்போதும் மூடும்போதும் ஒரே விசை இருந்தால், ஒரு சுற்றில் கொடுத்ததும் எடுத்ததும் சமமாகி, உராய்வில் அதிர்வு செத்துப்போகும். நடப்பது என்னவென்றால், மடிப்பின் கீழ்விளிம்பு முந்திக்கொள்கிறது, மேல்விளிம்பு சற்றுப் பிந்துகிறது. அதனால் திறக்கும்போது இடைவெளி கீழே அகன்று மேலே குறுகியும், மூடும்போது கீழே குறுகி மேலே அகன்றும் இருக்கிறது. முதல் நிலையில் உள்ளே அழுத்தம் அதிகம், இரண்டாவதில் குறைவு. ஊஞ்சலை அது போகும் திசையிலேயே தள்ளுகிற மாதிரி, ஒவ்வொரு சுற்றிலும் காற்று கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

சிலிக்கோன் நாண்கள்

இதைப் பார்க்கத்தான் சிலிக்கோன். மிக மென்மையான, இரண்டு திரவங்களைக் கலந்து உறையவைக்கிற பிளாட்டினம் வகைச் சிலிக்கோன் வேண்டும். ஆய்வகங்களில் எக்கோஃப்ளெக்ஸ் 00-30 அதிகம் புழங்குகிறது. அதுவும் நாணுக்குக் கெட்டிதான், ஆகவே சிலிக்கோன் தின்னர் சேர்ப்பார்கள். உள்சதைக்கு 1:1:1, மேல்தோலுக்கு 1:1:4 (கடைசி எண் தின்னர்) என்று தொடங்குங்கள். அளவு: நீளம் 17 மி.மீ., காற்று போகும் திசையில் தடிமன் 10 மி.மீ. வரை, ஆழம் 8 மி.மீ. மேல் அடுக்கு 1.5 முதல் 2 மி.மீ.

முதலில் உள்சதை அச்சில் ஊற்றி உறையவிட்டு, எடுத்து, சற்றுப் பெரிய இரண்டாவது அச்சில் வைத்து, சுற்றிலும் மெல்லிய கலவையை ஊற்றவேண்டும். அச்சை த்ரீடி பிரிண்டரில் எடுத்தால் அடுக்குக் கோடுகளை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். அந்த வரிகள் நாணின் விளிம்பில் அப்படியே பதியும். கலக்கும்போது குமிழி ஏறும், வெற்றிடப் பெட்டி இருந்தால் அதில் வைத்து எடுங்கள், இல்லையென்றால் உயரத்திலிருந்து நூல் போல மெல்லிசாக ஊற்றுங்கள், பாதிக் குமிழி வழியிலேயே உடையும்.

கையுறை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. என் முதல் மூன்று வார்ப்புகள் உறையவே இல்லை. உள்ளே கெட்டியாக இருக்கும், மேலே மட்டும் பிசுபிசுவென்று வெல்லப்பாகு மாதிரி. விகிதத்தை மாற்றினேன், தராசை மாற்றினேன், இரண்டு நாள் காத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் நான் போட்டிருந்தது லேட்டக்ஸ் கையுறை. அதிலுள்ள கந்தகம் பிளாட்டினம் வினையூக்கியைக் கெடுத்துவிடும். நைட்ரில் அல்லது வினைல் கையுறை போடுங்கள். கந்தகம் கலந்த களிமண்ணும் இதே வேலையைச் செய்யும், அதை அச்சின் பக்கமே விடாதீர்கள்.

உறைந்த நாண்களைச் சதுரமான அக்ரிலிக் சட்டத்தில் எதிரெதிராக ஒட்டி, விளிம்பில் துளி முகப்பவுடர் தடவுங்கள். இல்லையென்றால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அதிர மறுக்கும். தின்னர் நாளாக நாளாகக் கசிந்து வெளியேறும், நாண் சுருங்கிக் கெட்டிப்படும். எனவே வார்த்த தேதியை அதன் முதுகிலேயே எழுதிவைத்து, இன்றைய அளவை இன்றைய அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

காற்றும் அழுத்தமும்

வாயால் ஊதிச் சத்தம் வரவைப்பது விளையாட்டுக்குச் சரி. அளக்க வேண்டுமானால் சீரான காற்று வேண்டும்: கம்ப்ரஸர், அழுத்தம் குறைக்கும் வால்வு, அப்புறம் உள்ளே நுரை ஒட்டிய ஒரு பெட்டி (இது நுரையீரலின் இடத்தில்), அதிலிருந்து மூச்சுக்குழலாக ஒரு குட்டைக் குழாய், அதன் தலையில் நாண்கள். நாண்களுக்குச் சற்றுக் கீழே குழாயின் பக்கச்சுவரில் 1 மி.மீ. துளையிட்டு, அதில் தண்ணீர் ஊற்றிய ப வடிவ ட்யூபை இணையுங்கள். இரண்டு கைகளிலும் உள்ள நீர்மட்ட வித்தியாசம்தான் அழுத்தம். ஒரு பக்கம் ஏறியதை மட்டும் படித்தால் பாதி எண் வரும், வேலை அவசரத்தில் எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பு.

வால்வை மிக மெதுவாகத் திறங்கள். அதிர்வு தொடங்கிய அழுத்தத்தைக் குறியுங்கள். பிறகு குறைத்துக்கொண்டே வந்து அதிர்வு நின்ற அழுத்தத்தையும் குறியுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. நிற்கும் அழுத்தம் தொடங்கும் அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கும். தொண்டையில் மென்மையாகக் குரல் தொடங்க 3 செ.மீ. நீர் அளவே போதும். ஒரே அடுக்கில் செய்த சிலிக்கோன் நாண் அதைவிட நிறையக் கேட்கும், காற்றின் திசையில் மேலும் கீழுமாகவும் அதிகம் குதிக்கும். மேல் அடுக்கை மென்மையாக்கினால் இரண்டுமே குறையும். குறையவில்லையென்றால் உங்கள் மேல் அடுக்கு போதுமான அளவு மென்மையாக இல்லை.

ஒப்பிட உங்கள் சொந்த எண் வேண்டுமா? அதே ப ட்யூபிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை வாயோரத்தில் வைத்து, உதட்டை அதைச் சுற்றி நன்றாக மூடி, "அப்பா, அப்பா" என்று சொல்லுங்கள். ப்ப-வில் உதடு மூடியிருக்க, குரல்வளை திறந்திருக்க, வாயின் அழுத்தமும் நுரையீரல் அழுத்தமும் ஒன்றாகிவிடும். வெறும் ப-வில் தண்ணீர் ஏறி நிற்பதற்குள் உதடு திறந்துவிடும். நம் இரட்டித்த ப்ப இதற்கென்றே செய்த மாதிரி நீளமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் நீர்மட்டம் ஆடி அடங்கவும் நேரம் கிடைக்கும்.

கண்ணால் பார்க்க

போன் கேமராவின் ஸ்லோமோஷன் பெரும்பாலும் நொடிக்கு 240 ஃப்ரேம். நாண் 120 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டே படம். பயனில்லை. அறையை இருட்டாக்கி, ஒரு எல்இடியை 119 ஹெர்ட்ஸில் மிகக் குறுகிய துடிப்புகளாக மின்னவையுங்கள், நாண் நொடிக்கு ஒருமுறை நிதானமாகத் திறந்து மூடுவதுபோல் தெரியும். வலிப்பு வரக்கூடியவர்கள் அறையில் இருந்தால் மினுக்கு விளக்கு வேண்டவே வேண்டாம். இன்னொன்று, இது சீரான அதிர்வுக்கு மட்டும் உண்மை சொல்லும். கரகரப்பான, ஒழுங்கில்லாத அதிர்வில் எல்இடி காட்டுவது பல சுற்றுகளின் கலவை, அதை நம்பவேண்டாம்.

மேலிருந்து பார்த்தால் மேல்விளிம்பு மட்டும்தான் தெரியும், நமக்கு வேண்டியதோ கீழ்விளிம்பு. அதற்கு ஒரு நல்ல தந்திரம்: ஒரு நாணை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி போன்ற அக்ரிலிக் தகட்டை நிறுத்துங்கள். ஒற்றை நாண் அதன்மேல் மோதி அதிரும். மார்க்கரால் நாணின் உள்முகத்தில் மேலிருந்து கீழாக நான்கைந்து புள்ளி வைத்திருந்தால், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கீழ்ப்புள்ளி முதலில் தகட்டை விட்டு விலகுவதும், மேல்புள்ளி அதற்குப் பின்னால் வருவதும், மறுபடி கீழ்ப்புள்ளியே முதலில் திரும்புவதும் அலை ஏறுவதுபோல் தெரியும்.

கைவிரலைவிடப் பெரிதாகப் பார்க்க விரும்பினால் அசையாத பெரிய மாதிரியும் செய்யலாம். ஆய்வாளர்கள் எம்5 என்று அழைக்கிற மாதிரி மனித அளவைப்போல் 7.5 மடங்கு. அதில் காற்றின் நடத்தை மாறாமலிருக்க ரெனால்ட்ஸ் எண்ணை (காற்றோட்டம் எப்படி நடந்துகொள்ளும் என்று காட்டும் எண்) சமமாக வைக்கவேண்டும், அப்போது வேகம் 7.5 மடங்கும் அழுத்தம் 56 மடங்கும் குறையும். 10 செ.மீ. நீருக்குப் பதில் 2 மி.மீ.கூட இல்லை. ப ட்யூபில் அதைப் படிக்க முடியாது, நுண்ணிய சென்சார் வேண்டும்.

ஏமாற்றும் குழாய்

இப்போது மிக முக்கியமான சோதனை. ஒருமுறை எனக்குப் பிரமாதமான குரல் கிடைத்தது, 140 ஹெர்ட்ஸ், கம்பி மாதிரி நிலையாக. அழுத்தத்தை ஏற்றினாலும் நகரவில்லை, அதுவே சந்தேகம் தந்திருக்க வேண்டும். பெட்டிக்கும் நாணுக்கும் நடுவில் 60 செ.மீ. குழாய் இருந்தது. கால் அலைக் கணக்கு போட்டால் 143. அதாவது நாண்கள் தாமாக அதிரவில்லை, குழாயின் ஒத்ததிர்வு அவற்றை ஆட்டிக்கொண்டிருந்தது. குழாயை 20 செ.மீ. ஆக்கியதும் குரல் நின்றுவிட்டது. ஒரு வாரத்து அளவுகளைக் குப்பையில் போட்டேன். கீழ்க்குழாயின் நீளத்தை மூன்று விதமாக மாற்றியும் சுருதி ஏறக்குறைய அப்படியே இருந்தால்தான் அது நாணின் சுருதி. சிலிக்கோனை ஒரே அடுக்கில் வார்த்தவர்களுக்கு இந்தக் கண்ணி நிச்சயம் காத்திருக்கிறது.

இந்தச் சோதனையில் தேறிய பிறகு நாண்களின் தலையில் முதலில் செய்த ஆ, ஈ குழாய்களைப் பொருத்துங்கள். வாய் போல ஒலிக்கும், ஆனால் கணீரென்று கொஞ்சம் அதிகமாக முழங்கும். பிளாஸ்டிக் சுவர், கன்னம் மாதிரி இளகி ஒலியை விழுங்காது. ஃபார்மண்டுகளும் ஏறக்குறைய 3 சதவீதம் தாழ்ந்திருக்கும், 20 டிகிரி அறைக்காற்றில் ஒலிவேகம் 343, 37 டிகிரிக் காற்றில் 353.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒரு பக்க நாணை மட்டும் கூடுதல் தின்னரோடு இன்னொரு முறை வார்த்துப் பொருத்திப் பாருங்கள். ஒரு பக்கம் தளர்ந்த தொண்டையின் கரகரப்பு அப்படியே கேட்கும், எல்இடி வெளிச்சத்தில் படம் நிற்காமல் நழுவும். உடனே பதிவு செய்யாமல், முதலில் தொடங்கும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மெல்லிய நாண்தான் விளிம்பில் சீக்கிரம் கிழியும்.